துபாஷி காலியாக விட்ட கட்டம்

துபாஷி தன் மருமகளுக்கு நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தார். சட்டைக் கம்பெனியில் காலர் தைத்து மூன்று வருஷமாக அவள் ஒட்டி ஒட்டிச் சேர்த்த பணம். "ஆறே மாசம்மா. ஏழாம் மாசம் இரட்டிப்பா எண்ணி வைக்கிறேன் பாரு" என்று ஒரு நாள் காலையில் வாங்கிக்கொண்டு போனவர், துறைமுகச் சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, மொழிபெயர்ப்பு நிலையம் என்று பித்தளையில் பலகை மாட்டினார். ஆறு மாதத்தில் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் பக்கத்து வங்கிக்கு வழி கேட்டார்கள். மூன்றாமவர் வாடகை கேட்டார்.

அதை வைத்து மனிதரைக் குறைத்து எடை போட்டுவிடக் கூடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். துறைமுகக் கேன்டீனில் டம்ளர் கழுவப் போனார். கழுவிய கையோடு, கப்பல்காரர்கள் பேசிய ஆங்கிலத்தையும் காதால் அள்ளிக்கொண்டார். யாரும் சொல்லித் தரவில்லை. கேட்டார், திருப்பிச் சொன்னார், சிரித்தார்கள், மறுபடி சொன்னார். இருபத்திரண்டு வயதில் கப்பல் கேப்டனுக்கும் பட்டறை முதலாளிக்கும் நடுவில் நின்று, இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் மாற்றிக் கொடுக்கிற ஆளாகிவிட்டார். துபாஷி என்ற பெயர் அப்போது ஒட்டியது. சொந்தப் பெயரை அடையாள அட்டை மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது.

அந்த நாக்கில் ஒரு வித்தை இருந்தது. கேப்டன் மேசையைக் குத்தி, வெல்டிங்காரனின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான். துபாஷி திரும்பி நின்று, "ஐயா இன்னும் கொஞ்சம் கவனமா பண்ணச் சொல்றாரு" என்பார். வெல்டிங்காரன், "அவன கடல்ல விழுந்து சாகச் சொல்லு" என்பான். துபாஷி கேப்டனிடம், மாலைக்குள் முடித்துவிடுவதாகச் சொல்கிறான் என்பார். இரண்டு பேரும் கை குலுக்குவார்கள். முப்பது வருஷத்தில் அவர் நின்ற இடத்தில் ஒரு கைகலப்புக் கூட நடந்ததில்லை. கோணலாக வந்ததை நேராக்கி அனுப்புவார், அரைகுறையாக வந்ததை முழுசாக்கி அனுப்புவார். படித்தவர்கள் சொல்லை மாற்றினார்கள், அவர் மனுஷனையே மாற்றினார் என்று அவரே சொல்லிக்கொள்வதுண்டு. சொல்லிக்கொண்டால் என்ன, உண்மைதானே.

ஆனால் கப்பல்கள் வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டன. அறுபத்தெட்டு வயதில் அவரிடம் மிஞ்சியது பித்தளைப் பலகையும் மருமகளின் கடனும்தான். மகன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பான். மீதி நாளெல்லாம் மாமனாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ்.

"மாமா, தண்ணி வேணுமா?" என்று அவள் கேட்டால்கூட, "பணம் வேணுமே" என்றுதான் அவர் காதில் விழும்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. மனநலப் பிரிவின் டாக்டரம்மா இளம்பிள்ளைகளுக்கு ஒரு கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் ஆங்கிலத்தில் எழுதின நாற்பத்திரண்டு கேள்விகள். தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா, யாரோடும் பேசப் பிடிக்காமல் போகிறதா, இப்படி. ஒரு பேராசிரியர் அதைத் தமிழாக்கி முடித்திருந்தார். இப்போது அந்தத் தமிழை மட்டும் பார்த்து, மூலத்தைப் பார்க்காமல், இன்னொருவர் மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவருக்கு மருத்துவம் தெரிந்திருக்கக் கூடாது. திரும்பி வந்த ஆங்கிலமும் பீரோவில் பூட்டி வைத்திருக்கிற ஆங்கிலமும் ஒன்றாக இருந்தால் தமிழ் சரி. இல்லாவிட்டால் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம்.

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க" என்றார் டாக்டரம்மா. வயது நாற்பதுக்குள்தான் இருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறவர். "நீங்க கண்ணாடி மாதிரி இருக்கணும். தமிழ் கோணலா இருந்தா உங்க இங்கிலீஷும் கோணலாத்தான் வரணும். இங்க பாருங்க, மூணு கட்டம். முதல்ல தமிழ். ரெண்டாவதுல நீங்க எழுதணும். மூணாவது, எங்கயாவது புரியலன்னா, 'புரியல'ன்னு எழுத. அதுக்கும் சேர்த்துத்தான் உங்களுக்குக் காசு."

"எவ்வளவும்மா?"

"நாற்பதாயிரம். வேலை முடிஞ்சு, ஏத்துக்கிட்ட அன்னிக்கு ரொக்கமா."

துபாஷி மனசுக்குள் அப்போதே கடனை அடைத்துவிட்டார். ஆனால் முகத்தில் காட்டுவாரா. "பாக்கலாம்" என்றார், வேறு நாலு இடத்தில் கூப்பிட்டிருக்கிற மாதிரி.

இரண்டு வாரம் கொடுத்த வேலையை நாலு நாளில் முடித்தார். பேராசிரியரின் தமிழ் லேசுப்பட்ட தமிழாக இல்லை. 'உமது அன்றாட அலுவல்களில் நாட்டக்குறைவு நிலவியதுண்டா?' என்று ஒன்று. 'அறைக் கதவைத் தாழிட்டுத் தனித்திருக்க விழைந்தீரா?' என்று ஒன்று. எல்லாவற்றையும் விட முப்பத்தொன்றாவது கேள்விதான் அவரை உட்காரவைத்துவிட்டது. 'இருத்தலின் பயனின்மை குறித்த எண்ணங்கள் உம்முள் தலைதூக்கியதுண்டா?'

மூன்று தடவை படித்தார். ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாவது கட்டம் வெள்ளையாகப் பக்கத்திலேயே இருந்தது. அதில் 'புரியல' என்று எழுதுவதற்குப் பேனா ஒரு தடவை கூடப் போகவில்லை. கேப்டன்கள் கத்தியதையெல்லாம் புரிந்துகொண்டவர், பேனாவும் கையுமாக உட்கார்ந்து, எனக்குப் புரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதா? முன்னும் பின்னும் உள்ள கேள்விகளைப் பார்த்தார். அழுகை, தூக்கம், தன்மேல் வெறுப்பு. சரி, இவர்கள் சுற்றிச் சுற்றி எதைக் கேட்க வருகிறார்கள் என்று அவர் மூக்கு மோப்பம் பிடித்துவிட்டது. பச்சை ஆங்கிலத்தில் எழுதினார்: உயிரோடு இல்லாமல் போனால் நல்லது என்று உனக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா?

நாற்பத்திரண்டு வரியிலும் மூன்றாவது கட்டம் காலி. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அடுத்த வாரம் டாக்டரம்மா பீரோவைத் திறந்து மூலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டு தாளையும் வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். பேராசிரியர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நம்ப முடியல" என்றார் டாக்டரம்மா. "நாற்பது கேள்வி அப்படியே இருக்கு. முப்பத்தொண்ணு வார்த்தைக்கு வார்த்தை."

"தமிழ் திருத்தமாக இருந்தால் அப்படித்தான் வரும்" என்றார் பேராசிரியர். பேச்சிலும் அவருக்கு அச்சுத் தமிழ்தான்.

"ஏதோ, ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினது" என்று துபாஷி பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

திட்டப்படி அடுத்த வேலை பிள்ளைகளிடம் போவது. ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே உட்காரவைத்து, இந்தக் கேள்வி உனக்கு என்னவென்று புரிகிறது, உன் வார்த்தையில் சொல் என்று கேட்க வேண்டும். இரண்டு நாள் வேலை. தாள்கள் இவ்வளவு அச்சாகப் பொருந்திவிட்ட பிறகு அது எதற்கு என்று டாக்டரம்மாவுக்குத் தோன்றிவிட்டது. ஒன்பது பள்ளிக்கூடம், மூவாயிரம் பிள்ளைகள், தேதி நெருக்கிக்கொண்டிருந்தது. "எட்டுப் பேரை வெச்சு ஒரு மணி நேரம் எழுத விட்டுப் பாத்துடலாம். வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை அச்சுக்குப் போகட்டும், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துல. துபாஷி ஐயா புண்ணியத்துல ரெண்டு நாள் மிச்சம். பணத்தையும் வெள்ளிக்கிழமையே வாங்கிக்குங்க."

தெருமுனையில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடை காலியாகியிருந்தது. இரண்டு தையல் மெஷின் போட்டால் நிறையும். மருமகள் அதன்மேல் கண் வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. முன்பணம் நாற்பதாயிரம். செல்போன் ரிப்பேர்க்காரன் ஒருவனும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமை ஆறு மணி வரைக்கும் பாப்பேன்னு கடைக்காரர் சொல்லிட்டாரு" என்றாள். "மாமா, நிஜமா வருமா? இல்ல, இதுவும் கண்ணாடிக் கதவுதானா?"

"ஆறு மணிக்கு நீ கடை வாசல்ல நில்லு. நான் பணத்தோட வரேன். துபாஷி சொல்லு மாறாது."

"மாறாதது உங்க சொல்லு மட்டும்தான் மாமா. தேதி மாறிக்கிட்டே இருக்கு."

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குத் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தையல் பயிற்சிக்கூடத்தில் அங்கே படிக்கிற எட்டுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். பதினைந்திலிருந்து பதினெட்டு வயது. துணி வெட்டுகிற நீள மேசைதான் அன்றைக்கு எழுத்து மேசை. அதில் நீலச் சாக்குக்கட்டிக் கோடுகள் அழியாமல் கிடந்தன. ஆணியில் காகித மாதிரிகள் தொங்கின. காலடியெல்லாம் நூல் துணுக்கு. மூலையில் ஆஸ்பத்திரிக் கணக்காளர் ஒரு பழுப்பு உறையும் ரசீதுப் புத்தகமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உறை எந்த நாற்காலியிலிருந்து பார்த்தாலும் தெரிந்தது. துபாஷி எந்த நாற்காலியிலும் உட்காராமல், தாளும் பேனாவும் விநியோகித்துக்கொண்டு, "பயப்படாம எழுதுங்க, எல்லாம் நான் பாத்து அனுப்பினதுதான்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"புரியாதது ஏதாவது இருந்தா கையைத் தூக்குங்க" என்றார் டாக்டரம்மா.

ஒரு கையும் எழவில்லை.

கடைசி இடத்தில் ஒரு பெண். பதினாறு இருக்கும். சட்டைக் காலரில் வரிசையாகக் குண்டூசி குத்தியிருந்தாள். துபாஷி அவளுக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தார். முப்பத்தொன்றுக்கு வந்ததும் அவள் பேனா நின்றது. உதடு அசையப் படித்தாள். திரும்பப் படித்தாள். பிறகு தலையைத் தூக்காமல், கண்ணை மட்டும் பக்கத்துப் பெண்ணின் தாளுக்கு ஓட்டி, அங்கே போட்டிருந்த கட்டத்திலேயே தானும் ஒரு டிக் போட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் புரிந்தவள் மாதிரி அடுத்த கேள்விக்குப் போனாள்.

அந்த முகத்தைத் துபாஷிக்குத் தெரியும். கேன்டீனில் முதல் வருஷம், கேப்டன் ஏதோ கேட்க, ஒரு வார்த்தை விளங்காமல், விளங்கின மாதிரி தலையாட்டி நின்ற முகம் அது.

நாலே முக்காலுக்குத் தாள்களை வாங்கினார்கள். டாக்டரம்மா புரட்டினார். "முப்பத்தொண்ணுக்கு எட்டுப் பேரும் 'ஒருபோதும் இல்லை.' நல்லா இருக்காங்க பிள்ளைங்க." கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "அச்சகத்துக்குப் போன் பண்ணிடறேன்."

கணக்காளர் ரசீதுப் புத்தகத்தைத் திருப்பி வைத்தார். "இங்க ஒரு கையெழுத்து."

துபாஷி பேனாவை வாங்கினார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மருமகள். மணி ஐந்து. கையெழுத்துப் போட்டு, உறையை எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்தால் ஐந்து இருபதுக்குக் கடை வாசல். யாருக்கும் எதுவும் தெரியாது. தெரிய வழியும் இல்லை. மூலம் நேர், அவர் ஆங்கிலமும் நேர். நடுவில் இருக்கிற தமிழ்தான் கோணல். அந்தக் கோணலை நிமிர்த்தி மறைத்தது யார் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்" என்று பேனாவை வைத்தார்.

வராந்தாவில் தண்ணீர் ஃபில்டர் பக்கத்தில் அந்தக் குண்டூசிப் பெண் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கேள்வியெல்லாம் எப்படி?"

"நல்லா இருந்துச்சு தாத்தா."

"அந்தக் கதவைத் தாழ்ப்பாள் போடறது பத்தி ஒண்ணு இருந்துச்சே?"

"எங்க வீட்டுல கதவு இருக்கற ஒரே ரூம் பாத்ரூம்தான் தாத்தா. அதுல ரொம்ப நேரம் விரும்பித் தனியா இருந்தா வெளியில ஆறு பேர் நின்னு தட்டுவாங்க." சிரித்தாள். "இல்லன்னு போட்டேன்."

"முப்பத்தொண்ணு?"

"அது ஏதோ வீட்டுல சும்மா இருக்கறது பத்தி. நெஜத்துல புரியல தாத்தா. பக்கத்துல இருந்தவளைப் பாத்துப் போட்டேன். அவ அவளுக்குப் பக்கத்துல பாத்தா. எல்லாரும் முதல்ல உக்காந்திருந்த அண்ணன் போட்டதைத்தான் போட்டோம். அவன் புரியாததுக்கெல்லாம் முதல் கட்டத்துல, 'ஒருபோதும் இல்லை'லயே போடுவானாம்."

"டாக்டரம்மாதான் கேட்டாங்களே, கையைத் தூக்கியிருக்கலாமில்ல?"

"யாருமே தூக்கல. நான் மட்டும் எப்படி?"

போன் மறுபடி அதிர்ந்தது, துபாஷி எடுக்கவில்லை. மெத்தென்று சொல்ல ஒரு வார்த்தை தேடினார். வாழ்நாள் முழுக்கத் தேடாமலே வந்த வார்த்தைகள், அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. கடைசியில் இருந்ததை இருந்தபடியே சொன்னார்.

"அதுல கேட்டது இதுதாம்மா. எதுக்கு உயிரோட இருக்கோம், இல்லாமப் போயிட்டா நல்லா இருக்கும்னு உனக்கு எப்பவாவது தோணியிருக்கான்னு."

குழாய் திறந்தபடியே இருந்தது. டம்ளர் நிறைந்து வழிந்தது. அவள் அதை மூடவில்லை.

"அதையா கேட்டிருந்தாங்க?" என்றாள்.

"அதைத்தான்."

"அப்படிக் கேட்டிருந்தா முதல் கட்டத்துல போட்டிருக்க மாட்டேன்."

துபாஷி கையை நீட்டிக் குழாயை மூடினார். "அந்த பெஞ்சுல உக்காரும்மா. எங்கயும் போயிடாத. ரெண்டே நிமிஷம்" என்றார். அறைக்குள் போன வேகத்தில் காலடி நூல் சுருள் செருப்பில் சிக்கியது, அதையும் இழுத்துக்கொண்டே போனார்.

"டாக்டரம்மா, போனை வைங்க."

டாக்டரம்மா அச்சகத்தாரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"வைங்கம்மா. வெளிய பெஞ்சுல ஒரு பொண்ணு உக்காந்திருக்கா. முதல்ல போய் அவகிட்டப் பேசுங்க. அப்புறமா வந்து என்னைத் திட்டுங்க."

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்று டாக்டரம்மாவை எழுப்பிவிட்டது. அவர் வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது. அறையில் பேராசிரியரும் கணக்காளரும் துபாஷியும் பழுப்பு உறையும்.

"என்ன நடந்தது?" என்றார் பேராசிரியர்.

"உங்க முப்பத்தொண்ணு ஒரு பிள்ளைக்கும் புரியல சார். எனக்கும் புரியல."

"உமக்குப் புரியாமலா அப்படிப் பொருத்தமாக எழுதினீர்?"

"அதுதான் நான் பண்ணின தப்பு."

"ஐந்தாம் வகுப்பு ஆட்களிடம் கொடுத்தால் இப்படித்தான். இது என் தமிழின் குற்றமா?"

வேறு நாளாக இருந்தால் இதற்கு அவர் கொடுத்திருக்கிற பதிலில் சுவர் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும். அன்றைக்குச் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து இருபது. ஐந்து முப்பத்தைந்து. போன் மூன்றாவது தடவை அடித்து நின்றது. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்பதும் நிற்பதுமாக இருந்தது. கணக்காளர் உறையின் ஓரத்தை மடித்து, நீவி, மறுபடி மடித்தார்.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டாக்டரம்மா வந்தார். கண்ணாடி மூக்கில் இருந்தது. "அவளோட சித்தியை வரச் சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலைல நானே பாக்கறேன். பேசறா. நல்லாப் பேசறா." உட்கார்ந்தார். "இப்ப சொல்லுங்க."

துபாஷி சொன்னார். வரி வரியாக, எங்கெங்கே புரியாமல் யூகித்தார், எங்கெங்கே கோணலை நிமிர்த்தினார் என்று சொன்னார். நாற்பத்திரண்டில் பதினாறு இடம்.

"மூணாவது கட்டத்துல ஒண்ணே ஒண்ணு எழுதியிருந்தாக்கூடப் போதுமே ஐயா. ஏன் எழுதல?"

"புரியலன்னு எழுதிப் பழக்கமில்லம்மா."

டாக்டரம்மா அந்த எட்டுத் தாளையும் அடுக்கி ஓரமாக வைத்தார். "அந்த ரெண்டு நாளை மிச்சம் பிடிச்சது நான்தான். அது என் தலைல. ஆனா இதை நான் ஏத்துக்க முடியாது. நீங்க மூலத்தையும் பாத்துட்டீங்க, மறுபடி உங்ககிட்டயே கொடுக்கவும் முடியாது. பணம்..."

"வேலை தேறலன்னா கூலி கேக்கற வழக்கம் எனக்கில்ல" என்றார் துபாஷி. ரசீதில் அவர் பெயர் எழுதியிருந்த தாளைக் கணக்காளர் கிழித்தார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் போன் நாலாவது தடவை அடித்தது. இந்தத் தடவை எடுத்தார்.

"மாமா, ஆறாச்சு. கடைக்காரர் நிக்கறாரு. எங்க இருக்கீங்க?"

"பணம் வரலம்மா."

அவள் போனை வைத்துவிட்டாள்.

கடை ரிப்பேர்க்காரனுக்குப் போனது. மருமகள் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. நாலாம் நாள் அவரே அவளை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே காலர் பிசிறைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கு?"

"வாரா வாரம் டாக்டரம்மாகிட்ட வருதாம்."

"அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. சொன்னது சரிதான்." கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "ஆனா மாமா, ஊருக்கெல்லாம் புரிய வெச்சீங்க. என் பணம் எங்கன்னு எனக்கு எப்பப் புரிய வெப்பீங்க?"

அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். மருமகள்தான் எடுத்தாள். பேசி முடித்துவிட்டுக் குளியலறைக் கதவைத் தட்டினாள். "மாமா, திங்கட்கிழமைலேர்ந்து உங்களுக்கு வேலை. அவங்க எழுதினதைப் படிச்சுப் பாத்து, எங்க புரியலையோ அங்க புரியலன்னு சொல்லணுமாம். ஒரு தடவைக்கு ஐந்நூறு. அஞ்சாம் கிளாஸ் படிச்ச ஆளா வேணுமாம்."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. "நீ என்ன சொன்ன?"

"வருவாருன்னு சொல்லிட்டேன்."

"கப்பல் கேப்டனுக்கெல்லாம் பேசினவன் நான். எனக்குப் புரியலன்னு போய்ச் சொல்றதுக்குக் கூலியா?"

"நாற்பதாயிரத்துக்கு எண்பது தடவை" என்றாள் அவள். "கணக்குப் போட்டுட்டேன்."

முதல் நாள் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெற்றோருக்கான படிவம் ஒன்றை நீட்டினார்கள். எதிரே உதவியாளர் பெண், கையில் பேனா. முதல் வரி, "புரியுது." இரண்டாம் வரி, "புரியுது." மூன்றாவதும் அப்படியே. "சரி ஐயா, உங்க வார்த்தைல சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார். "அழகா சொல்றீங்க. ஆனா இங்க அப்படி எழுதலையே" என்றாள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தாளைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூட வந்தது. ஐந்தாவது வரியில் விரல் நின்றது. "இது..." என்றார். "இது புரியல."

அவள் எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை.

பத்துத் தடவை போன பிறகு பாருங்கள், மனிதர் பழைய மனிதராகிவிட்டார். இந்த ஆஸ்பத்திரியில் என்னைப் போலப் புரியாதவன் இன்னொருத்தன் இருந்தால் காட்டுங்கள் என்று சவால் விட ஆரம்பித்தார். பிள்ளைகளின் கேள்வித்தாளைப் பிள்ளைகளே ஒவ்வொருவராக உட்கார்ந்து சொல்லச் சொல்ல, டாக்டரம்மா திருத்தி எழுதினார். கதவு, தாழ்ப்பாள் போய், வீட்டில் எல்லாரும் இருக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொள்கிறாயா என்று வந்தது. முப்பத்தொன்றைக் குண்டூசிப் பெண்ணின் வாயிலிருந்து வந்த வார்த்தையிலேயே போட்டார்கள். அடுத்த சோதனையில் அறுபது பிள்ளைகள் எழுதினார்கள். நாலு பேர் அதில் முதல் கட்டத்தைத் தாண்டி டிக் போட்டிருந்தார்கள். நாலு பேரோடும் அன்றைக்கே உட்கார்ந்து பேசினார்கள்.

பேராசிரியர் வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், வந்தார். ஒரு நாள் துபாஷிக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு 'புரியல'வுக்கும் முகம் சுண்டி, அடித்து, வேறு எழுதினார். "இதுவுமா புரியவில்லை?" என்பார். "சத்தியமா புரியல சார்" என்பார் துபாஷி, உற்சாகமாக.

பெற்றோர் படிவம் முடிந்தது, ஆசிரியர் படிவம் வந்தது, பிறகு சம்மதக் கடிதம், மாத்திரைத் துண்டுச்சீட்டு. பக்கத்துப் பிரிவுகளிலிருந்தும் கேட்டு அனுப்பினார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை, நாற்பது வாரம். போக வர நடைதான், ஐந்நூறு ரூபாய் நோட்டை உடைத்துவிடக் கூடாதே. இடையில் மருமகள், "இருக்கறதைக் கொடுங்க மாமா, நான் சேர்த்து வெக்கறேன்" என்று பல தடவை கேட்டாள். கொடுக்கவில்லை. முழுசாக வாங்கினது, முழுசாகத்தான் போகும் என்று ஒரே பிடியாக நின்றார்.

அதற்குள் செல்போன் ரிப்பேர்க்காரன் கடையைக் காலி செய்துகொண்டு போனான். அந்த வாரம் வியாழக்கிழமை பன்னிரண்டு மணி வெயிலில், மாடிப்படிக்குக் கீழே மருமகள் நின்றாள். பக்கத்தில் கடைக்காரர், விரலில் சாவியைச் சுழற்றிக்கொண்டு. "இந்தத் தடவையும் போன்தான் வருமா?" என்று கேட்டார். அவள் தெருவின் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துபாஷி வேர்வையோடு வந்தார். கக்கத்திலிருந்த ரெக்ஸின் பையைத் திறந்தார். மருமகள் வலது கையை விரித்து நீட்டினாள். ஒவ்வொரு நோட்டாக, கடைக்காரருக்கும் தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி எண்ணி வைத்தார். முப்பதில் அவள் கை தாழ்ந்தது, இடது கையைக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். அறுபது. எழுபது. எழுபத்தொன்பதில் பை காலியானது.

"மாமா, ஒண்ணு குறையுது."

"குறையாது."

பையைக் கவிழ்த்தார். உதறினார். கடைக்காரரின் விரலில் சாவி சுழல்வது நின்றது. துபாஷி சட்டைப் பையில் கைவிட்டு, சற்று முன்னே ஆஸ்பத்திரியில் வாங்கிய நோட்டை எடுத்து, மடிப்பை நீவி, அவள் விரித்த கையின் மேல் வைத்தார்.

"எண்பது."